மூன்றாம் இடம் எப்படி வந்தது? ஒரு நெதர்லாந்து இளைஞரை வைத்து டார்ட்ஸ் தரவரிசை

2026 ஜனவரி 3. லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ் அரங்கில் உலக டார்ட்ஸ் போட்டியின் இறுதி ஆட்டம். நெதர்லாந்தின் ஜியான் வான் வீன், இங்கிலாந்தின் லூக் லிட்லரிடம் 7-1 என்று தோற்றார். சமாதானம் சொல்லவே இடமில்லாத தோல்வி. ஆனால் போட்டி முடிந்து தரவரிசைப் பட்டியல் வந்தபோது வான் வீன் உலகில் மூன்றாவது இடத்தில் இருந்தார். மூன்று முறை உலகப் பட்டம் வென்ற மைக்கேல் வான் கெர்வென் அவருக்குக் கீழே. நெதர்லாந்தின் முதல் வீரர் என்ற இடமும் கைமாறிவிட்டது.

உடனே ஆளுக்கொரு பேச்சு. பெரிய கோப்பை ஒன்றே ஒன்றுதான், அதற்குள் மூன்றாவது இடமா என்று ஒரு கூட்டம். இளையோர் உலக சாம்பியன் அல்லவா, அந்தப் புள்ளிகளும் சேர்ந்திருக்கும் என்று இன்னொரு கூட்டம். எங்கிருந்தோ திடீரென்று வந்து குதித்துவிட்டார் என்று மிச்சப் பேர். இந்தத் தரவரிசை எப்படி ஓடுகிறது என்று தெரியாததால் வருகிற பேச்சுதான் எல்லாம். அதில் புள்ளிகளே கிடையாது. அதைப் பார்ப்பதற்கு முன், ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம்.

ஆட்டம், சுருக்கமாக

பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கும். வீரர் 2.37 மீட்டர் தள்ளி நின்று ஒரு முறைக்கு மூன்று அம்புகள் எறிவார். பலகையில் 20 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மெல்லிய வளையங்கள் குறுக்கே போகும். உள்வளையத்தில் பட்டால் மூன்று மடங்கு, வெளிவளையத்தில் பட்டால் இரண்டு மடங்கு. மூன்று அம்பையும் 20-இன் மும்மடங்கில் சொருகினால் 180, அதுதான் உச்சம்.

அந்த மும்மடங்கு வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர்தான். 20-க்கு இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 5. விரல் கொஞ்சம் பிசகினால் 60 கிடைக்க வேண்டிய இடத்தில் 1 கிடைக்கும். எண்களை இப்படிக் கலைத்துப் போட்டதில் ஒரு குரூரமான புத்திசாலித்தனம் இருக்கிறது.

ஒவ்வொருவரும் 501-இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். கடைசி அம்பு இருமடங்கு வளையத்தில், அல்லது நடுவில் உள்ள 50-இல் பட்டாக வேண்டும். இப்படி ஒரு முறை முடிப்பது ஒரு 'லெக்'. உலகப் போட்டியில் முதலில் மூன்று லெக் எடுப்பவருக்கு ஒரு 'செட்'. லிட்லர் வென்ற 7-1 என்பது செட் கணக்கு. வேறு பல போட்டிகளில் செட் கிடையாது, நேராக லெக்கை எண்ணிவிடுவார்கள்.

புள்ளி இல்லை, பணம்தான்

உலக அளவில் பெரிய தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் அமைப்பின் பெயர் பிடிசி. அதன் தரவரிசைப் பட்டியலை 'ஆர்டர் ஆஃப் மெரிட்' என்பார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு வீரர் தரவரிசைப் போட்டிகளில் வென்ற பரிசுப் பணத்தின் மொத்தக் கூட்டல்தான் அது. யார் அதிகம் சம்பாதித்தாரோ அவர் மேலே. அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டு என்ற இடத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். மொபைல் ரீசார்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் போட்ட டேட்டா இன்றைக்கே கணக்கில் ஏறிவிடும், ஆனால் அதற்கு ஒரு வேலிடிட்டி உண்டு. நாள் முடிந்தால் போய்விடும், மறுபடி போட்டால்தான் இருப்பு நிற்கும். டார்ட்ஸில் வென்ற ஒவ்வொரு தொகைக்கும் வேலிடிட்டி இரண்டு ஆண்டு. 2024 அக்டோபரில் ஒரு போட்டியில் வென்ற பணம், 2026 அக்டோபரில் அதே போட்டி திரும்ப வரும்போது கணக்கிலிருந்து கழன்றுவிடும். வங்கியில் இருக்கும் பணத்துக்கு ஒன்றும் ஆகாது, பட்டியலில் இருக்கும் எண்தான் குறையும். பழையது கழலும் நேரத்தில் அதே அளவு புதிதாகச் சம்பாதிக்க வேண்டிய நெருக்கடியைத்தான் 'பணத்தைக் காப்பது' என்று டார்ட்ஸ்காரர்கள் சொல்கிறார்கள்.

செஸ் தெரிந்தவர்கள் இங்கே குழம்ப வாய்ப்பு உண்டு. செஸ் ரேட்டிங்கில் யாரை வென்றோம் என்பது முக்கியம். பலசாலியை வென்றால் அதிகம் ஏறும், பலவீனமானவரை வென்றால் கொஞ்சம்தான். டார்ட்ஸ் பட்டியலுக்கு அந்தக் கவலையே இல்லை. 2026 உலகப் போட்டியின் காலிறுதியில் வான் வீன் தோற்கடித்தது லூக் ஹம்ஃப்ரீஸை. 2024-இல் உலகப் பட்டம் வென்றவர், அப்போது தரவரிசையில் இரண்டாவது இடத்தில் இருந்தவர். அதற்கு முந்தைய சுற்றில் வென்றது, உலகப் போட்டிக்கு முதல் முறையாக வந்திருந்த சார்லி மேன்பியை. ஒருவேளை இருவரும் இடம் மாறி வந்திருந்தாலும் பட்டியலில் ஒரு பவுண்டு கூட மாறியிருக்காது. எந்தச் சுற்று வரை போனாய் என்பது மட்டுமே கேள்வி.

இது முரட்டுத்தனமான முறை என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் யாரும் கால்குலேட்டரை வைத்துச் சரிபார்த்துவிடலாம், ரகசியச் சூத்திரம் எதுவும் கிடையாது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இதுவரை பார்த்தது: தரவரிசை என்பது இரண்டு ஆண்டுப் பரிசுப் பணத்தின் கூட்டல். புதியது ஏறும், பழையது கழலும். எதிராளி யார் என்பது கணக்கில் வராது.

உள்ளே நுழைவது எப்படி

சரி, இந்தப் பட்டியலில் முதலில் பெயர் வருவது எப்படி? அதற்கு 'டூர் கார்டு' வேண்டும். பிடிசியின் தொழில்முறைச் சுற்றில் ஆட இரண்டு ஆண்டுக்குத் தரப்படும் உரிமம் அது. மொத்தம் 128 பேருக்குத்தான். இது வேலை நியமனம் மாதிரி அல்ல, சம்பளம் எதுவும் கிடையாது. விமானச் செலவு, ஹோட்டல் செலவு எல்லாம் வீரரின் பொறுப்பு. இரண்டு ஆண்டு முடிவில் பட்டியலில் முதல் 64 பேருக்குள் இருந்தால் கார்டு நீடிக்கும். இல்லையென்றால் 'க்யூ ஸ்கூல்' என்ற தகுதிப் போட்டிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பெயரில் ஸ்கூல் இருக்கிறதே தவிர அங்கே யாரும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் ஒருவரையொருவர் வெளியே தள்ளும் இடம்.

இளைஞர்களுக்குத் தனி வழி ஒன்று உண்டு. 16 முதல் 24 வயது வரை உள்ளவர்கள் ஆடும் 'டெவலப்மென்ட் டூர்'. அதில் ஆண்டு முடிவில் மேலே நிற்கும் ஒரு சிலருக்கு க்யூ ஸ்கூல் போகாமலே கார்டு கிடைக்கும்.

கார்டு வாங்கியவர்களின் அன்றாடப் பிழைப்பு 'பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்' என்ற ஒருநாள் போட்டிகளில் நடக்கிறது. 2025-இல் இவை 34 நடந்தன. தொலைக்காட்சியில் பார்க்கும் டார்ட்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மாறுவேடம் போட்டுக்கொண்டு பாடும் ரசிகர்கள் கிடையாது, மேடை இசை கிடையாது. ஒரு பெரிய கூடம், வரிசையாகப் பலகைகள், 128 பேர். காலையில் தொடங்கி ஒரே நாளில் ஏழு ஆட்டம் வென்றால் கோப்பை. 2025-இல் அதற்குப் பரிசு 15,000 பவுண்டு. முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கு ஒரு பைசா கிடையாது. ஊரிலிருந்து விமானம் ஏறி வந்து, கால் மணி நேரத்தில் தோற்று, அறைக்குத் திரும்புகிற நாட்கள் எல்லோருக்கும் உண்டு.

இந்தக் கூடத்துப் போட்டிகளிலும், வார இறுதிகளில் ஐரோப்பிய நகரங்களில் நடக்கும் போட்டிகளிலும் சேர்க்கிற பணம்தான் பெரிய மேடைகளுக்கு வழி திறக்கிறது. 2026 உலகப் போட்டிக்கு வந்த 128 பேரில் 40 பேர் முக்கியப் பட்டியலிலிருந்து, 40 பேர் இந்த அன்றாடப் போட்டிகளின் ஓராண்டுப் பட்டியலிலிருந்து, மீதி 48 பேர் பல நாடுகளின் தகுதிப் போட்டிகளிலிருந்து. அந்தக் கடைசி வழியில் வந்தவர்தான் இந்தியாவின் நிதின் குமார். முதல் சுற்றில் நெதர்லாந்தின் ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை வீழ்த்தி, அந்த மேடையில் ஓர் ஆட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனார்.

'திடீரென்று' வந்தவர் கடந்து வந்த தூரம்

வான் வீன் பிறந்தது 2002 ஏப்ரலில். 2023-இல் டூர் கார்டு வீரராக ஆடத் தொடங்கினார். புது கார்டுக்காரரின் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும். பக்கத்தில் நிற்பவரிடம் இரண்டு ஆண்டுச் சேமிப்பு இருக்கும், இவரிடம் ஒன்றும் இருக்காது. திறமையில் இருவரும் சமமாகவே இருந்தாலும் பட்டியலில் நூறு இடம் தள்ளித்தான் நிற்பார். இளம் வீரர் ஒருவரின் தரவரிசை எண்ணைப் பார்த்து அவரை எடைபோடுவது தவறாகப் போவது இதனால்தான். அந்த எண் அவருடைய ஆட்டத்துக்கு ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ பின்தங்கியே வரும்.

உலகப் போட்டியில் முதல் இரண்டு முறையும் ஓர் ஆட்டம் கூட வெல்லாமல் வீடு திரும்பினார். ஆனால் அதே காலத்தில் கூடத்துப் போட்டிகளில் பணம் சேர்ந்துகொண்டே இருந்தது. 2024 முடிவதற்குள் முதல் 32 பேருக்குள் வந்துவிட்டார். 2025 அக்டோபரில் ஜெர்மனியின் டார்ட்முண்டில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். இறுதியில் ஹம்ஃப்ரீஸுக்கு எதிராகப் பத்துக்குப் பத்து வரை போய், கடைசி லெக்கில் 11-10 என்று வென்றார். முதல் பெரிய கோப்பை, 1,20,000 பவுண்டு. டிசம்பரில் உலகப் போட்டிக்குப் போனபோது தரவரிசையில் பத்தாவது.

இங்கே இளையோர் பட்டக் கதையையும் முடித்துவிடலாம். 24 வயது வரை உள்ளவர்களுக்கான இளையோர் உலகப் போட்டியில் 2023 இறுதியில் லிட்லரிடம் தோற்றார். 2024-இல் வென்றார். 2025-இல் மறுபடி வென்றார். அந்த ஆண்டு அரையிறுதியில் லிட்லரையே வெளியேற்றியிருந்த போ கிரீவ்ஸ் என்ற பெண் வீரரை இறுதியில் 6-5 என்று தாண்டினார். இரண்டு உலகப் பட்டங்கள். முக்கியத் தரவரிசையில் இவற்றால் சேர்ந்த தொகை: பூஜ்யம். இளையோர் போட்டிகளின் பணம் அந்தக் கணக்கில் சேராது.

சேராத பணம் இன்னும் உண்டு. வாரந்தோறும் வியாழக்கிழமை தொலைக்காட்சியில் வரும் பிரீமியர் லீக், எட்டு பேரை அழைத்து நடத்தும் போட்டி. பரிசு பெரிது, புகழ் அதைவிடப் பெரிது. 2026-இல் வான் வீனுக்கும் அழைப்பு வந்தது. ஆனால் அதில் ஒருவர் எத்தனை வென்றாலும் தரவரிசையில் அது ஏறாது. அழைப்பு இல்லாதவர்கள் சம்பாதிக்கவே முடியாத பணத்தை வைத்து அவர்களைக் கீழே தள்ளுவது நியாயமில்லை அல்லவா.

ஒரே போட்டி, இத்தனை பெரிய தாவலா?

2026 உலகப் போட்டியின் மொத்தப் பரிசு 50 லட்சம் பவுண்டு. அதற்கு முந்தைய ஆண்டு அதில் பாதி. முதல் சுற்றில் தோற்றவருக்கு 15,000. அங்கிருந்து 25,000, 35,000, 60,000, காலிறுதியில் தோற்றால் ஒரு லட்சம், அரையிறுதியில் இரண்டு லட்சம். இறுதியில் தோற்ற வான் வீனுக்கு 4 லட்சம். வென்ற லிட்லருக்கு 10 லட்சம்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். டார்ட்முண்டில் 1,20,000, லண்டனில் 4,00,000. பத்து வாரத்துக்குள் இரண்டே போட்டிகளில் 5,20,000 பவுண்டு. லண்டனில் வந்த அந்த 4 லட்சத்தைக் கூடத்துப் போட்டிகளில் ஈட்ட வேண்டுமென்றால் 27 கோப்பை வெல்ல வேண்டும். ஓராண்டில் நடப்பதே 34 என்னும்போது அது நடக்கிற காரியமா?

வான் கெர்வென் பக்கமும் பார்க்க வேண்டும். 2014 ஜனவரி முதல் 2021 ஜனவரி வரை, ஏழு ஆண்டுகள் உலக முதலிடத்தில் இருந்தவர் அவர். 2025 ஜனவரியில் உலகப் போட்டி இறுதி வரை போனார், லிட்லரிடம்தான் தோற்றார். பரிசு இரண்டு லட்சம். ஓராண்டு கழித்து அதே இறுதியில் அதே லிட்லரிடம் வான் வீன் தோற்றபோது நான்கு லட்சம். சாதனை ஒன்றுதான், பரிசுத் தொகை மட்டும் நடுவில் இரட்டிப்பாகிவிட்டது. அந்த 2026 போட்டியில் வான் கெர்வென் கடைசி 16 பேர் சுற்றில் கேரி ஆண்டர்சனிடம் தோற்று 60,000-உடன் நின்றுவிட்டார். அந்த ஆண்டர்சனைத்தான் அரையிறுதியில் வான் வீன் 6-3 என்று வென்றார்.

அப்படியானால் வான் வீனின் மூன்றாம் இடம் போலியா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆறு சுற்று தாண்டி ஹம்ஃப்ரீஸையும் ஆண்டர்சனையும் வென்றுதான் அந்த இறுதிக்கு வந்தார். ஆனால் பரிசுப் பணம் திடீரென்று பெருத்த ஓர் ஆண்டில் பட்டியல் வழக்கத்தைவிட அதிகமாகக் குலுங்கியது என்பதும் உண்மை.

இறங்குவதும் இதே வேகத்தில்தான்

மைக்கேல் ஸ்மித் 2023 ஜனவரியில் வான் கெர்வெனை வென்று உலகச் சாம்பியன் ஆனவர். 5 லட்சம் பவுண்டு, அத்துடன் உலக முதலிடம். 2024 டிசம்பரில் அதற்கு இரண்டு ஆண்டு கழித்து வந்த உலகப் போட்டி தொடங்கியபோதும் இரண்டாவது இடத்தில் இருந்தார். அந்த 5 லட்சத்தின் வேலிடிட்டி முடிகிற போட்டி அது. தன் முதல் ஆட்டத்திலேயே கெவின் டூட்ஸ் என்ற இன்னொரு நெதர்லாந்து வீரரிடம் 3-2 என்று தோற்றார். ஒரே இரவில் அந்தத் தொகை முழுவதும் கழன்று, இரண்டாவது இடத்திலிருந்து முதல் பத்துக்கு வெளியே போய்விட்டார். ஒரே இரவில் அவருடைய ஆட்டம் அவ்வளவு மோசமாகிவிட்டதா? இல்லை. இரண்டாவது இடத்தில் இருந்தபோதும் அவர் உண்மையில் அவ்வளவு நன்றாக ஆடிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் சங்கதி. பழைய ஜனவரி அவரைத் தாங்கிப் பிடித்திருந்தது.

சுருக்கமாக: ஏறுகிறவரின் எண் அவரைவிட மெதுவாக ஏறும். இறங்குகிறவரின் எண் அவரைவிட மெதுவாக இறங்கும், அப்புறம் ஒரே நாளில் சரியும்.

பட்டியலில் தெரியாதவை

இன்றைய ஆட்டம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது 'சராசரி'. எடுத்த மொத்த எண்ணை எறிந்த அம்புகளால் வகுத்து மூன்றால் பெருக்குவது, அதாவது ஒரு முறைக்கு எவ்வளவு என்ற கணக்கு. 501-ஐப் பதினைந்து அம்பில் முடித்தால் சராசரி 100.2. தொடர்ந்து நூறையொட்டி ஆடுபவர் உலகின் தலைசிறந்தவர்களில் ஒருவர். ஓர் இளைஞர் பட்டியலில் அறுபதாவது இடத்தில் இருந்துகொண்டு மாதக்கணக்கில் 97, 98 என்று ஆடினால், அவர் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சராசரியிலும் தெரியாத ஒன்று வான் வீனின் கதையில் உண்டு. தொழில்முறைக்கு வருவதற்கு முன் அவர் 'டார்டைட்டிஸ்' என்ற தொல்லையில் மாட்டிக்கொண்டார். அதைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். அம்பை உயர்த்தி, குறிபார்த்து, கையைப் பின்னுக்கு இழுத்த பிறகு விரல் அதை விடமாட்டேன் என்னும். மனம் எறி என்கிறது, கை உறைந்து நிற்கிறது. இரண்டு மூன்று முறை இழுத்து, கடைசியில் எப்படியோ உதறித் தள்ள வேண்டும். ஐந்து முறை உலகச் சாம்பியனான எரிக் பிரிஸ்டோவையே 1980-களின் பிற்பகுதியில் இது படுத்தியது. 2017-இல் பெரி வான் பீர் என்ற நெதர்லாந்து வீரர் மேடையிலேயே அழுதுவிட்டார். தசையில் கோளாறு இருக்காது, பயிற்சியைக் கூட்டினால் சில சமயம் இன்னும் மோசமாகும். இதிலிருந்து மீள்பவர்கள் எறியும் தாளத்தையே புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். வான் வீனுக்கு அந்தக் காலத்தில் தரவரிசையே இல்லை என்பதால், எங்கும் பதிவாகாத ஆண்டுகள் அவை.

இனி அவர் கணக்கு

வான் வீனின் இருப்பில் இரண்டு பெரிய தொகைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் தேதி குறித்தாகிவிட்டது. டார்ட்முண்டில் வென்ற 1,20,000 பவுண்டு, 2027 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்போடு கழலும். லண்டனில் வந்த 4 லட்சம், 2028 ஜனவரியில் முடியும் உலகப் போட்டியோடு கழலும். அதுவரை அவர் பாட்டுக்குச் சுமாராக ஆடினாலும் பட்டியலின் மேல்பகுதியிலிருந்து அவரை இறக்குவது மற்றவர்களுக்குச் சிரமம்தான். ஆனால் அந்த மூன்று மாத இடைவெளியில் இரண்டுமே போய்விடும் என்பதால், 2027-இன் கடைசி மாதங்களில் எங்காவது ஓர் இறுதி ஆட்டத்திலாவது அவர் இருந்தாக வேண்டும்.